அந்தப் பெட்டியைக் குப்பையில் போடாதே

அன்புள்ள கண்ணனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

நீயே செய்த ஃபஸ் பெட்டியை, கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்குகிற அந்தப் பெட்டியை, பதிவு செய்து அனுப்பியதை நேற்று ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கொண்டு நாலு தடவை கேட்டேன். கடைசியில், "ரெண்டு வாரமா முட்டி மோதிப் பாத்துட்டேன்மா, குப்பையில போடப் போறேன்" என்று சொல்லியிருக்கிறாய். போடாதே. ஐ.டி.ஐ.யில் இருபத்தாறு வருஷம் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த வேலை இது. நீ செய்திருப்பது நல்ல பெட்டி. சத்தம் எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்க்காமலே இரண்டு டிரான்சிஸ்டரையும் மூன்று கெபாசிட்டரையும் மாற்றிவிட்டாய். மொத்தமே பதினொரு பாகம் உள்ள சர்க்யூட்டில் பாதியை மாற்றியும் சத்தம் அப்படியே இருக்கிறது என்றால், சத்தம் அந்தப் பாகங்களில் இல்லை.

எனக்கு இரண்டு சத்தம் தனித்தனியாகக் கேட்டது. ஒன்று அடியில் 'ம்ம்ம்' என்று உறுமுவது. இன்னொன்று, ஃபஸ் குமிழை முழுசாகத் திருப்பும்போது மட்டும் 'கீ' என்று எழும் விசில். இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

உறுமலை முதலில் பார்ப்போம். அலமாரி மேலே கிடந்த உன் பழைய கிட்டாரை இறக்கி, அப்பாவின் போனை வைத்துச் சுருதி சேர்த்தேன். தடித்த ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தி மீட்டினால் 98 ஹெர்ட்ஸ். உன் பெட்டியின் உறுமல் அதைவிட மயிரிழை தூக்கலாக இருக்கிறது. அப்படியென்றால் அது 100 ஹெர்ட்ஸ். வீட்டுக்கு வருகிற கரன்ட் 50 ஹெர்ட்ஸ். அடாப்டருக்குள் இருக்கும் டயோடுகள் அலையின் கீழ்ப்பாதியையும் மேலே திருப்பிவிடுவதால் நொடிக்கு நூறு மேடு வரும். அந்த மேடுகளைச் சமன் செய்யவேண்டிய கெபாசிட்டர், நீ பயன்படுத்துகிற பழைய கீபோர்டு அடாப்டரில் வற்றிப்போயிருக்கும் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் ஃபஸ் எந்தச் சத்தத்தையும் நசுக்கி மேல்சுரங்களைக் கிளப்பிவிடும், 50 ஹெர்ட்ஸ் கூட 100 போலக் காதை ஏமாற்றலாம். அதனால் என் காதை நம்பிவிடாதே. அடாப்டரைக் கழற்றிவிட்டு ஒரு புது 9 வோல்ட் பேட்டரி போட்டுக் கேள். உறுமல் நின்றால் குற்றவாளி அடாப்டர்தான்.

அப்படி நின்றுவிட்டால் வேறு நல்ல அடாப்டர் வாங்கு. அதோடு, பெட்டிக்குள் சப்ளை வருகிற வழியில் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போட்டு, அதைத் தாண்டி 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை கிரவுண்டுக்குக் கட்டு. 100 ஹெர்ட்ஸ் உறுமல் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காக இறங்கும். உன் சர்க்யூட் இழுக்கிற கரன்ட் மிகக் குறைவு, வோல்டேஜ் இறங்குமோ என்று பயப்படவேண்டாம். கெபாசிட்டரின் மைனஸ் பக்கத்தைப் பார்த்துப் போடு.

பேட்டரியிலும் உறுமினால் கிட்டாரின் வால்யூமைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டு வா. பிளக்கைப் பிடுங்கிப் பார்க்காதே. உன் பெட்டியில் கிட்டார் வயரைச் செருகுகிற இன்புட் ஜாக் ஸ்டீரியோ வகை, பேட்டரிக்கு அதுதான் சுவிட்ச். பிடுங்கினால் பெட்டியே அணைந்துவிடும், சத்தம் தீர்ந்தது என்று ஏமாந்துபோவாய். வால்யூமை இறக்கியதும் உறுமல் அடங்கினால் அது கிட்டாரின் பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற காந்தச் சுருள், வாங்கிக்கொண்டு வருவது. லேப்டாப் சார்ஜரையும் டியூப்லைட் சோக்கையும் விட்டுத் தள்ளி நின்று, மெதுவாக உடம்பைத் திருப்பிப் பார். ஒரு திசையில் நன்றாகக் குறையும். ஒரே சுருள் உள்ள சிங்கிள் காயில் பிக்கப்பின் சுபாவம் அது.

வால்யூமை இறக்கியும் அடங்காவிட்டால் பெட்டிதான். நீ அனுப்பிய போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தேன். பிளாஸ்டிக் டப்பா. ஏன்டா? இந்த சர்க்யூட்டுக்கு மூலமான ஃபஸ் ஃபேஸ் என்ற பெட்டி 1966இல் லண்டனில் வந்தது. கிட்டார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் காலால் மிதித்தது அதைத்தான். மைக் ஸ்டாண்டின் அடித்தட்டைப் பார்த்து வந்தது அந்த வட்ட வடிவம், அது உலோகப் பெட்டி. உலோகம் சுற்றி இருந்து கிரவுண்டோடு சேர்ந்தால்தான் அறையில் அலைகிற கரன்ட் சத்தம் உள்ளே புகாது. ஒரு அலுமினிய டிபன் டப்பா வாங்கு. எவர்சில்வர் வேண்டாம், ஓட்டை போடுவதற்குள் டிரில் பிட் மழுங்கிவிடும். அலுமினியத்தில் சால்டர் ஒட்டாது என்று கவலைப்படாதே. ஜாக்கின் நட்டை இறுக்கினால் அதுவே கிரவுண்டை டப்பாவோடு சேர்த்துவிடும். போர்டின் அடிப்பக்கம் டப்பாவில் பட்டுவிடாமல் ஒரு அட்டையை மட்டும் வெட்டிப் போடு.

அந்த விசிலுக்குக் காரணமும் போட்டோவிலேயே தெரிகிறது. இன்புட் வயரையும் அவுட்புட் வயரையும் சேர்த்து முறுக்கி ஃபுட் சுவிட்சுக்குக் கொண்டுபோயிருக்கிறாய். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு டிரான்சிஸ்டரும் ஆளுக்கு ஒரு தடவை அலையைத் தலைகீழாக்குவதால், வெளியே வருவது உள்ளே போனதோடு ஒத்த திசையில் நிற்கிறது. அதில் துளி கசிந்து மறுபடி உள்ளே போனால் போதும், மைக்கை ஸ்பீக்கர் முன்னால் நீட்டினமாதிரி கத்தும். முறுக்கைப் பிரி. இன்புட்டுக்கு, மேலே உலோக வலை சுற்றிய ஷீல்டு வயர் போட்டு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் கிரவுண்டில் சேர்.

அப்புறம், ஐஸ் குச்சியால் போர்டில் ஒவ்வொரு இணைப்பையும் லேசாகத் தட்டு. 'கரகர' என்றால் அங்கே ட்ரை சால்டர், அதாவது சரியாக ஒட்டாத சால்டர். 33 கிலோஓம் ரெசிஸ்டரின் கால் ஒன்றைச் சுற்றி முடி போல ஒரு வளையம் தெரிகிறது, சால்டரும் மங்கலாக இருக்கிறது. அதை முதலில் சூடுபண்ணு. ஒருமுறை வகுப்பில் ஒரு பையனின் ஆம்ப்ளிஃபயர் திருச்சி வானொலியைப் பாடியது. 936 கிலோஹெர்ட்ஸ், நமக்குப் பக்கத்து நிலையம். பார்த்தால் ஒரு ட்ரை சால்டர், டயோடு மாதிரி வேலை செய்துகொண்டிருந்தது!

இத்தனைக்கும் பிறகு மெல்லிய 'ஸ்ஸ்' கொஞ்சம் மிஞ்சும். அதை விட்டுவிடு, ஃபஸ்ஸில் அது போகாது.

ஒன்றே ஒன்று, கண்ணா. ஆம்ப் பிளக்கின் மூன்றாவது பின்னை, அந்த எர்த் பின்னை, எடுத்துவிட்டால் உறுமல் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதே. போவதுபோலத்தான் இருக்கும். உன் கிட்டார் கம்பிகள் வயர் வழியாக ஆம்பின் உடம்போடுதான் சேர்ந்திருக்கின்றன. எர்த் இல்லாத ஆம்புக்குள் என்றைக்காவது இன்சுலேஷன் விட்டால் 230 வோல்ட் நேராக உன் விரலுக்கு வரும். மைக் செட் வேலையில் அப்படி அடிபட்ட ஒருவரை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எவ்வளவு உறுமினாலும் எர்த்தில் மட்டும் கை வைக்கமாட்டேன் என்று எனக்கு ஒரு வரி எழுதி அனுப்பு.

பேட்டரி போட்டு, கிட்டார் வால்யூம் பூஜ்ஜியத்தில் ஒன்று, முழுசாக வைத்து ஒன்று, இரண்டு பதிவு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து கேட்கிறேன். சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போட்டு சால்டரிங் அயர்னும் கையுமாக உட்காராதே.

அன்புடன்,
அம்மா