ஹாட் ராடில் இருந்தது விமான எஞ்சின் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் அமெரிக்க ஹாட் ராட் கார்களை, அதாவது வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய கார்களை, பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய இளைஞர்கள், கழித்துக்கட்டிய விமான எஞ்சின்களைப் பழைய ஃபோர்டு கார்களில் ஏற்றி உப்புப் பாலைவனத்தில் பறந்தார்கள் என்று அதில் எழுதியிருந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று சங்கதிகள் ஒரே வரியில் கலந்துவிட்டன.

விமான எஞ்சினோடு ஓடியது ஜான் காப் என்ற ஆங்கிலேயரின் ரெயில்டன் கார். 1947 செப்டம்பரில் யூட்டா மாநிலத்தின் பான்வில் உப்புவெளியில் மணிக்கு 394.196 மைல் சராசரி காட்டியது. அதில் இருந்தவை இரண்டு நேப்பியர் லயன் எஞ்சின்கள். ஹாட் ராட்காரர்கள் பான்வில்லுக்குப் போட்டி நடத்தப் போனதே 1949 ஆகஸ்டில்தான். அதுவரை அவர்களுடைய களம் தெற்கு கலிபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தில் கிடக்கும் வறண்ட ஏரிப்படுகைகள். மியூராக், ஹார்ப்பர், ரோசமண்ட், எல் மிராஜ் என்று பல. அங்கே இருப்பது களிமண், உப்பு அல்ல. போர்க்காலத்தில் மியூராக்கை ராணுவ விமானத்தளம் எடுத்துக்கொண்டுவிட்டதால், போருக்குப் பிறகு எல் மிராஜ்தான் முக்கிய இடமானது. 1937-இல் தொடங்கிய தெற்கு கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன், அதாவது எஸ்.சி.டி.ஏ., இன்றும் அங்கே போட்டி நடத்துகிறது.

எஞ்சின் விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் கையில் இருந்தது ஃபோர்டின் பக்கவால்வு வி-8, அதாவது V வடிவில் எட்டு சிலிண்டர் கொண்ட எஞ்சின். 1932-இல் அது வெளிவந்தபோது 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன், அவ்வளவுதான். பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைத்தது என்பதே அதன் முதல் தகுதி. அதில் பிறவிக் கோளாறுகள் நிறைய. அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்துச் சரிசெய்த பட்டறை வேலையில்தான் அந்த வேகம் பிறந்தது. கட்டுரை முழுக்க விட்டுவிட்டது இதைத்தான்.

முதல் கோளாறு சூடு. வால்வுகள் மேல்மூடியான ஹெட்டில் இல்லாமல், சிலிண்டர்கள் இருக்கும் அடிக்கூடான பிளாக்கிலேயே இருப்பதால், எரிந்த புகை சிலிண்டர்களுக்கு நடுவே, குளிர்விக்கும் நீர் ஓடும் ஜாக்கெட்டை ஒட்டி, பிளாக்கைக் குடைந்துகொண்டு வெளிப்பக்கம் வருகிறது. சமையலறைப் புகைபோக்கியைப் படுக்கையறை வழியாக இழுத்துக் கட்டிய வீடு மாதிரி. போதாக்குறைக்கு, ஒரு பக்கத்து நான்கு சிலிண்டருக்கு மூன்றே வாசல். நடுவில் இருக்கும் இரண்டும் ஒரே வாசலில் புகை விடும். அதனால் பிளாக்கின் நடுப்பகுதி மற்ற இடங்களைவிட எப்போதும் சூடாகவே இருக்கும். வால்வு சீட்டிலிருந்து சிலிண்டர் சுவர் வரை மயிரிழைபோல விரிசல் ஓடுவது இந்த எஞ்சினின் தீராத வியாதி. ஆகவே பிளாக்கை வாங்கியதும் சிலிண்டரைக் கடையும் போரிங் மெஷினில் ஏற்றக் கூடாது. முதலில் ஜாக்கெட்டைச் சுத்தம் செய்ய வேண்டும். வார்ப்பு மணலும் கம்பித் துண்டும் உள்ளே தங்கிக் கிடப்பது இந்த பிளாக்குகளில் சகஜம். அடுத்து, காந்தச் சோதனையில் விரிசல் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் தாண்டி வரும் பிளாக்குக்குத்தான் காசு செலவழிக்கலாம். தண்ணீர் பம்ப் 1936 வரை ஹெட்டின் மேல் இருந்து சூடான நீரை உறிஞ்சியது. 1937 முதல் பிளாக்கின் முன்பக்கம் இறங்கி, குளிர்ந்த நீரை உள்ளே தள்ளியது. ஆகவே பழைய வகையைத் தொடாமல் 1937-க்குப் பிந்தையதைத் தேடுவது நல்லது.

கொள்ளளவைக் கூட்டுவது அடுத்த வேலை. உலகப் போருக்குப் பிந்தைய 239 கன அங்குல பிளாக்கில் சிலிண்டர் துளையின் விட்டம் (bore) 3-3/16 அங்குலம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 3-3/4. அதில் துளையை ஒரு நூல் (1/8 அங்குலம்) பெரிதாக்கி, ஃபோர்டின் மற்றொரு கார் வகையான மெர்குரியில் 1949 முதல் வந்த, 4 அங்குல ஸ்ட்ரோக் தரும் கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை) போட்டால் 276 கன அங்குலம் வந்துவிடும். அந்த கிராங்கின் பின்னை மையம் தள்ளிக் கடைந்து ஸ்ட்ரோக்கில் இன்னொரு நூல் கூட்டி, துளையை 3-3/8-க்குக் கொண்டுபோனால் சுமார் 295 வரும். ஆனால் 3-3/8 என்பது ஆபத்தான அளவு. வார்ப்பில் உள்கூடு சற்றே நகர்ந்திருந்தால் ஒரு பக்கச் சுவர் மெலிந்துபோய், ஓட்டத்தின் நடுவில் பிளந்துகொள்ளும். மேலும் இந்த கிராங்கைத் தாங்குவது மூன்றே மூன்று மெயின் பேரிங். சுற்று ஏற ஏற கிராங்க் வளையும். அதிக சுற்று எடுக்க ஆசைப்பட்டவர்கள் நடு பேரிங்கைத்தான் முதலில் இழந்தார்கள்.

மூச்சு விடுவதில் இருக்கும் சிக்கல்தான் இந்த எஞ்சினின் உண்மையான பூட்டு. காற்று வால்விலிருந்து மேலே எழும்பி, பக்கவாட்டில் திரும்பி, ஹெட்டின் கூரைக்குக் கீழே இருக்கும் சந்து வழியாக சிலிண்டருக்குள் இறங்க வேண்டும். கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டரில் கலவை அழுத்தப்படும் அளவை, கூட்ட கூரையைத் தாழ்த்தினால் அந்தச் சந்து அடைபடும். சந்தைத் திறக்க வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவே பிளாக்கின் முகத்தைக் குடைந்தால் கம்ப்ரஷன் குறையும். இரண்டில் எது எவ்வளவு என்பதில் பட்டறைக்குப் பட்டறை கருத்து வேறுபட்டது, சண்டையும் நடந்தது. எடல்பிராக், ஆஃபன்ஹவுசர், நவாரோ, எடி மெயர் என்று பல பெயர்களில் அலுமினிய ஹெட்கள் வந்ததற்கு இதுவே காரணம். ஒவ்வொன்றின் உள்வடிவமும் வேறு. காற்றும் புகையும் போகும் போர்ட்டுகளைத் தேய்ப்பவர் இன்னொன்றை மறக்கக் கூடாது: அந்தச் சுவருக்கு அப்பால் தண்ணீர் இருக்கிறது. கொஞ்சம் கூடுதலாகக் கல் பட்டால் பிளாக் காயலான் கடைக்குத்தான்.

வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டை மாற்றுவோருக்கும் ஒரு குறிப்பு. கேமுக்கும் வால்வுக்கும் நடுவே இருக்கும் தொழிற்சாலை டாப்பெட்டில் திருகி அளவு வைக்க வழியில்லை. வால்வுத் தண்டின் நுனியைத் தேய்த்துத்தான் இடைவெளி வைக்க வேண்டும். வின்ஃபீல்டு, இஸ்கெண்டேரியன் போன்றோர் தீட்டிய கேம்களைப் போடும்போது திருகு டாப்பெட்டும் சேர்த்துப் போடாவிட்டால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் வால்வைக் கழற்றி மாட்டியே பொழுது போய்விடும்.

கார்புரேட்டர் என்றால் ஸ்ட்ராம்பெர்க் 97. காற்று போகும் குறுகிய கழுத்தான வென்சூரி 0.97 அங்குலம் என்பதால் அந்தப் பெயர். இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாக மாட்டினார்கள். இதில் அடிக்கடி வரும் தொல்லை, மிதவை ஊசி பெட்ரோலைத் தடுக்காமல் வழியவிடுவது. ஊசியில் குறை இருக்காது. பம்பின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு இரண்டரை பவுண்டைத் தாண்டியிருக்கும். மெத்தனால் என்ற எரிசாராயத்துக்கு மாறினால் கணக்கே வேறு. பெட்ரோலின் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு, மெத்தனாலுக்கு 6.4 பங்குதான். எடையில் இரண்டே கால் மடங்குக்கும் சற்று அதிகமாக எரிபொருள் ஓட வேண்டும். எரிபொருளை அளந்துவிடும் 0.045 அங்குலத் துளையான மெயின் ஜெட்டை ஏறக்குறைய 0.068-க்குத் துளைக்க வேண்டியிருக்கும். ஜெட்டை மட்டும் துளைத்துவிட்டு ஊசி இருக்கையையும் குழாயையும் அப்படியே விட்டவர்களுக்கு, ஓட்டத்தின் கடைசிக் கால் மைலில் மிதவைக் கிண்ணம் காலியாகி, கலவை மெலிந்து, பிஸ்டன் ஓட்டையாகும். மெத்தனாலின் நன்மை அது ஆவியாகும்போது எஞ்சினைக் குளிர வைப்பது. பக்கவால்வு எஞ்சினுக்கு அது அமிர்தம். தீமை, ஈரத்தை இழுத்து அலுமினியத்தை அரிப்பது. அன்று மாலையே கார்புரேட்டரைப் பெட்ரோலால் கழுவிவிட வேண்டும். பகல் வெளிச்சத்தில் மெத்தனாலின் தீச்சுடர் கண்ணுக்குத் தெரியாது என்பதும் நினைவிருக்கட்டும். இந்த ஜெட் தொல்லைகளிலிருந்து தப்பிக்கத்தான் ஸ்டூவர்ட் ஹில்பார்ன் கார்புரேட்டர் இல்லாமல் எரிபொருளைத் தெளிக்கும் முறையை உருவாக்கினார். அவருடைய கார் 1948-இல் எல் மிராஜில் 150 மைலைத் தாண்டியது. எஞ்சின் அதே ஃபோர்டு வி-8.

இனி விமானத்திலிருந்து வந்த முக்கியமான பொருளுக்கு வருவோம்: விமானத்துக்கு வெளியே தொங்கவிடும் எரிபொருள் டேங்க். பசிபிக் போர்முனையில் அவற்றைப் பார்த்த பில் பர்க், 1946-இல் ஒன்றைக் காராக்கினார். அது சிறியது, எஞ்சினை முன்னால் வைக்க வேண்டியிருந்தது. பிறகு பி-38 போர் விமானத்தின் 300 கேலனுக்கு மேல் பிடிக்கும் டேங்க்குக்கு மாறினார். ஓட்டுநர் முன்னாலும் எஞ்சின் பின்னாலும் அடங்கின. காற்றைக் கிழிக்க வேண்டிய சக்தி வேகத்தின் மும்மடியில் ஏறுகிறது. 100 மைலிலிருந்து 120 மைலுக்குப் போக 1.73 மடங்கு சக்தி வேண்டும். கிராங்க் கடைந்து, கேம் மாற்றி 20 குதிரைத்திறன் கூட்டுவதைவிட, காற்றில் முட்டும் பரப்பைக் குறைப்பது மலிவு. பலர் ரேடியேட்டரையே எடுத்துவிட்டு உள்ளே ஒரு தண்ணீர்த் தொட்டியை மட்டும் வைத்தார்கள். ஏரியில் ஓட்டம் ஒரு நிமிடம் அளவுதான், அதற்குள் தண்ணீர் கொதித்துவிடாது. காற்று நுழைய வாய் வேண்டாம் என்பது லாபம். அலெக்ஸ் ஸிடியாஸின் ஸோ-கால் டேங்க் 1952-இல் பான்வில்லில் மெர்குரி பக்கவால்வு எஞ்சினோடு 198 மைல் ஓடியது.

கியர் தேர்வு எளிய கணக்கு. எஞ்சின் சுற்றை டயரின் விட்டத்தால் (அங்குலத்தில்) பெருக்கி, பின் அச்சு விகிதத்தால் வகுத்து, மீண்டும் 336-ஆல் வகுத்தால் மணிக்கு எத்தனை மைல் என்று வரும். 28 அங்குல டயர், 5,000 சுற்று, 3.78 விகிதம் என்றால் 110 மைல், 3.54 போட்டால் ஏறக்குறைய 118. எஞ்சினால் அந்தக் காற்றுத் தடையில் 5,000 சுற்றைத் தொட முடிந்தால்தான் 3.54 லாபம். முடியாவிட்டால் வண்டி முன்பைவிட மெதுவாகவே போகும். புதியவர்கள் எல்லோரும் சறுக்குவது இங்கேதான்.

தரையும் சும்மா இல்லை. எல் மிராஜின் களிமண் குளிர்கால மழைநீரில் ஊறி, தானே மட்டமாகி, காய்ந்து இறுகும். ஈரம் இருக்கும்போது வண்டி ஏறினால் தடம் அடுத்த மழை வரை போகாது. அதனால்தான் போட்டிகளை ரத்து செய்கிறார்கள். காய்ந்தபின் டயர் பட்டுப்பட்டு மேல்தோல் மாவாகிவிடும். காலையில் காற்று குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும்போது ஓடுவதே நல்லது. மதியம் காற்று எழும்பினால் முன் வண்டியின் புழுதி அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். பான்வில் வேறு உலகம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,200 அடி உயரம். எல் மிராஜோ 2,800 அடிக்குச் சற்று மேல். எல் மிராஜில் சரியாக வைத்த ஜெட், காற்று மெலிந்த பான்வில்லில் தேவைக்கு மேல் எரிபொருளை விடும், எஞ்சின் மந்தமாகும். உப்பில் பிடிமானமும் குறைவு. சக்கரம் வழுக்கும்போது சுற்றுமானி காட்டும் வேகத்தை நம்பக் கூடாது. பின்பக்கம் எடை ஏற்றுவது அதற்காகத்தான். வீட்டுக்கு வந்ததும் அடிப்பக்கத்தை உப்புப்போகக் கழுவாவிட்டால் அச்சும் பிரேக் குழாயும் துருவாகிவிடும். உப்புப் பாளமும் ஆண்டுக்காண்டு மெலிகிறது. 2014, 2015, 2022 மூன்றிலும் பான்வில் வேக வாரம் நடக்கவில்லை.

கடைசியாக, கட்டுரையின் வேகப் பட்டியல் பற்றி. ஏரியில் எடுத்த எண்ணையும் உப்பில் எடுத்த எண்ணையும் அதில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தது. எல் மிராஜில் 1.3 மைல் ஓடி, முடிவில் 132 அடிக்குள் நேரம் பார்க்கிறார்கள். 90-ஐ விநாடியால் வகுத்தால் வேகம். 150 மைல் என்றால் 0.6 விநாடிதான், கடிகாரத்தில் நூறில் ஒரு பங்கு விநாடி பிசகினால் இரண்டு மைலுக்கு மேல் மாறிவிடும். 1940-களில் கால் மைல் தூரத்துக்கு நேரம் பார்த்தபோது அதே பிசகு கால் மைல் வேகத்தைத்தான் மாற்றியது. எல் மிராஜில் ஒரே ஓட்டம் போதும், பான்வில்லில் எஸ்.சி.டி.ஏ. சாதனைக்கு இரண்டு ஓட்டத்தின் சராசரி. உலகச் சாதனைக்கு ஒரு மணி நேரத்துக்குள் எதிரெதிர்த் திசையில் இரண்டு. மிக்கி தாம்சனின் சேலஞ்சர் 1960 செப்டம்பரில் நான்கு போன்டியாக் எஞ்சின்களோடு ஒரு திசையில் 406.60 மைல் ஓடியது. திரும்பும் ஓட்டத்தில் வண்டி பழுதானதால் உலகச் சாதனை கிடைக்கவில்லை. தங்கள் பட்டியலில் அது சாதனை என்றே அச்சாகியிருக்கிறது. சம்மர்ஸ் சகோதரர்களின் கோல்டன்ராட் 1965 நவம்பரில் எடுத்த 409.277 இரு திசைச் சராசரி. பட்டியலில் இருக்க வேண்டியது அதுதான். திருத்தம் வெளியிடும்போது ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே இடம், ஆண்டு, ஒருவழியா இருவழியா என்று மூன்றையும் சேர்த்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய எஞ்சின் வேலையில் ஈடுபாடுள்ள வாசகர்,
கோயம்புத்தூர்