பில்லைப் பத்திரமாக வை, கலா

திருச்சி

அன்புள்ள கலா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லாரும் சௌக்கியம். அவருக்கு ஈரோட்டுக்கு மாற்றல் வரும்போல இருக்கிறது. வந்தால் போக வர கரூர் வழிதான், அடிக்கடி பார்த்துக்கொள்ளலாம். குறுவட்டப் போட்டிகள் நெருங்கிவிட்டதால் நான் காலையிலேயே பிள்ளைகளோடு மைதானத்தில் இருக்கிறேன்.

சரி, உன் மகள் யாழினியின் பேட் விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் ஆசையாக வாங்கிக் கொடுத்த 4,200 ரூபாய் ஷட்டில் பேட் இரண்டு வாரம்கூடத் தாங்காமல் பிரேமில் விரிசல் விட்டது. அதைக் கொண்டுபோய்க் காட்டினால் கடைக்காரர், "பாப்பா கோபத்துல தரையில அடிச்சிருக்கும்" என்கிறார். அதைக் கேட்டு அவள் கடையிலேயே கண் கலங்கினாள் என்று எழுதியிருந்தாய். எனக்குப் பணத்தைவிட அந்தப் பேச்சுதான் பொறுக்கவில்லை. மிக்ஸி ஓடவில்லை என்று கொண்டுபோனால் எந்தக் கடையிலும் "நீங்க அரைச்ச விதம் சரியில்லை" என்று எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டார்கள். விளையாட்டுச் சாமான் என்றால் மட்டும் பழி முதலில் ஆடுகிற பிள்ளை மேல் விழுகிறது. இத்தனை வருஷம் பி.டி. டீச்சராக இருந்து இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். பெண் பிள்ளை என்றால் "இவளுக்கு பேட் பிடிக்கத் தெரியவில்லை" என்பதும் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் சொல்கிறேன், இதை நீ விடக்கூடாது.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிரேமின் பக்கவாட்டில், ஸ்ட்ரிங் நுழைகிற ஒரு துளையிலிருந்து அடுத்த துளைவரை மெல்லிய கோடு ஓடுகிறது. சுற்றிலும் பெயிண்ட் அப்படியே இருக்கிறது. டபுள்ஸில் இரண்டு பேட் மோதினாலோ, தரையில் ஓங்கி அடித்தாலோ, அடிபட்ட இடத்தில் பெயிண்ட் பெயர்ந்து உள்ளே இருக்கும் கறுப்பு கார்பன் தெரியும். தரையில் அடித்த பேட் என்றால் பெரும்பாலும் உச்சியில்தான் சிராய்ப்பு இருக்கும். யாழினியின் பேட்டில் உச்சி கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்தது போலவே இருக்கிறது.

இன்னொன்று கவனித்தாயா? கைப்பிடிக்கு மேலே கூம்பு மாதிரி வரும் இடத்தில், ஸ்ட்ரிங்கை எத்தனை பவுண்டு வரை இழுக்கலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். இந்த பேட்டில் 26 வரை என்று தெரிகிறது. ஸ்ட்ரிங் போட்டதும் அதே கடைதான், பில்லில் அதற்குத் தனியாக ஒரு வரி, 24 பவுண்டு என்று எழுதிக் காசும் வாங்கியிருக்கிறார்கள். ஆக, பிரேம் சரியில்லாமல் வந்திருக்கவேண்டும், இல்லை மெஷினில் தாறுமாறாக இழுத்திருக்கவேண்டும். எதுவாக இருந்தாலும் அவர்கள் பொறுப்புதான். இந்த ஒரு வரி உன் கையில் இருக்கும்போது நீ ஏன் தயங்குகிறாய்?

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரிங் அறுந்தால் மாற்றிக் கொடு என்று கேட்க முடியாது, அது ஆட ஆடத் தேய்ந்து அறுகிற சாமான். கிரிக்கெட் பேட்டின் முகத்தில் பந்து பட்டுச் சின்னக் கீறல் விழுவதும் அப்படித்தான். ஆனால் அதே கிரிக்கெட் பேட்டில் ஹேண்டில் பிளேடுக்குள் இறங்குகிற இடத்தில் பசை விட்டு ஆட ஆரம்பித்தால், அது ஆடினவன் செய்த தப்பு இல்லை. வாங்கிய பிறகு நிறம் பிடிக்கவில்லை, கிரிப் பெரிதாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுப்பதையும் சட்டம் கட்டாயமாக்கவில்லை. குறையுள்ள பொருள் என்றால்தான் நம் பக்கம் வலு.

அந்த வலு எவ்வளவு என்று பார். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணத்தைக் கொடுக்க மறுப்பதை, 'நேர்மையற்ற வணிக நடைமுறை' என்று அந்தச் சட்டமே சொல்கிறது. பில்லில் ஒரு கெடு போட்டிருந்தால் அதற்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள் கொடுக்கவேண்டும். உன் பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருப்பதைக் காட்டித்தானே வாயை அடைத்தார்கள்? குறையுள்ள பொருளைப் பொறுத்தவரை அந்த ஸ்டாம்புக்கு மதிப்பே இல்லை. ஒரு கடைக்காரர் நினைத்தால் சட்டம் கொடுத்த உரிமையை மை தடவி அழித்துவிட முடியுமா? பில்லே தரமாட்டேன் என்று சொன்னாலும் அதுவும் இதே வகைக் குற்றச்சாட்டில்தான் வரும்.

"கம்பெனியைக் கேளுங்க" என்று தட்டிக்கழித்தார் என்றும் எழுதியிருந்தாய். உன் அண்ணன் பணம் கொடுத்தது கம்பெனிக்கு இல்லை, கடைக்கு. அதுவும் "மாவட்ட அளவில் ஆடுற பொண்ணு, ஸ்மாஷுக்குத் தாங்குற பேட்டா பார்த்துக் கொடுங்க" என்று கேட்டு, அவர் எடுத்துக் கொடுத்ததைத்தான் வாங்கினார். எதற்கு வேண்டும் என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், அந்தக் காரியத்துக்குப் பொருள் உதவவேண்டும் என்பது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்திலேயே இருக்கிறது. கம்பெனியையும் விடவேண்டாம், இரண்டு பேரையும் சேர்த்தே கேட்கலாம். உறையில் ஒட்டியிருக்கும் லேபிளில் தயாரித்தவர் முகவரி, வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதி செய்தவர் முகவரி, புகாருக்கான போன் நம்பர் எல்லாம் இருக்கவேண்டும். அதைப் படம் எடுத்து வை. அப்படி எதுவுமே இல்லை என்றால் அது அசல் சரக்குதானா என்று சந்தேகப்படவேண்டியிருக்கும், அதையும் கடிதத்தில் கேள்.

பில் அண்ணன் பெயரில் இருக்கிறதே, நான் கேட்கலாமா என்று தயங்கியிருந்தாய். தாராளமாகக் கேட்கலாம். வாங்கினவர் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர்தான். யாழினி மைனர் என்பதால் அவளுக்காக அம்மா நீ புகார் கொடுக்கலாம்.

இப்போது செய்யவேண்டியது இதுதான். அந்த பேட்டில் இனி ஒரு ஷாட்கூட ஆடவேண்டாம். வேறு கடையில் கொடுத்து ஸ்ட்ரிங் மாற்றவும் வேண்டாம், மாற்றினால் "அவங்கதான் கெடுத்துட்டாங்க" என்று சொல்ல வழி கொடுத்த மாதிரி ஆகும். பிரேம் உடைந்தால் மேலும் வளையாமல் இருக்க ஸ்ட்ரிங்கை உடனே வெட்டிவிடுவது ஆட்டக்காரர்கள் வழக்கம். நீ அதையும் செய்யாதே, இருக்கிறபடியே இருக்கட்டும். எல்லாப் பக்கமும் படம் எடு. பில், உறை, லேபிள், அண்ணன் ஜிபேயில் பணம் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட் எல்லாவற்றையும் ஒரே கவரில் வை. ஏற்கெனவே பில்லில் மை மங்கத் தொடங்கியிருக்கிறது, உடனே ஒரு ஜெராக்ஸ் எடுத்துவிடு.

அப்புறம் கடைக்கு எழுத்தில் ஒரு கடிதம். கடையில் நின்று பேசுவதற்கும் எழுதிக் கேட்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் கண்ணால் பார்த்தேன். போன வருஷம் எங்கள் பள்ளியில் 400 மீட்டர் ஓடுகிற ஒரு பிள்ளைக்கு அவள் அப்பா கடன் வாங்கி ஸ்பைக் ஷூ வாங்கினார். ஓடத் தொடங்கிய முதல் வாரமே சோல் முன்பக்கமாகப் பிரிந்து வாய் திறந்துவிட்டது. "ஓடினா தேயத்தான் செய்யும்" என்று கடையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஸ்பைக்கின் ஆணிகள் தேயவே இல்லை, சோலை ஒட்டிய பசைதான் விட்டிருந்தது. வாங்கிய தேதி, குறை என்ன, என்ன வேண்டும், எத்தனை நாளுக்குள் வேண்டும், தராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம் என்று அந்த அப்பா பெயரில் ஒரே பக்கத்தில் எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினோம். கடைக்காரரே போன் செய்து, வேறு ஜோடி எடுத்துக்கொள்ளச் சொன்னார். எல்லாக் கடையும் இப்படி இறங்கிவரும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எழுதாமல் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை அந்த சீசன் முழுக்க வெறுங்காலில்தான் ஓடியிருப்பாள்.

கடிதத்துக்கும் மசியவில்லை என்றால் 1915-க்குப் போன் செய். அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். கடையையோ கம்பெனியையோ தொடர்புகொண்டு சமரசம் பேசிப் பார்ப்பார்கள். அவர்களுக்குத் தீர்ப்பு சொல்லும் அதிகாரம் இல்லை, ஆனாலும் பெரிய கம்பெனிகள் இதற்கே பதில் சொல்லிவிடும்.

அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். "கோர்ட்டா, நமக்கெதுக்கு" என்று உன் வீட்டுக்காரர் சொல்வது எனக்கு இங்கேயே கேட்கிறது. அவரிடம் இதைச் சொல். பொருளின் விலை 5 லட்சம் வரை புகாருக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை. கடை திருச்சியில் இருந்தாலும் நீ குடியிருக்கிற கரூரிலேயே புகார் கொடுக்கலாம், பழைய சட்டத்தில் இந்த வசதி இல்லை. நுகர்வோர் புகாருக்கென்று இருக்கும் அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிடவேண்டும், அவ்வளவுதான். வேறு பேட் கேட்கலாம், வட்டியோடு பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடும் கேட்கலாம். ஆணையத்தின் உத்தரவை மதிக்காவிட்டால் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, ஒரு மாதத்துக்குக் குறையாத சிறையோ, இரண்டுமோகூட விதிக்க இடம் இருக்கிறது.

கால தாமதம் ஆகும் என்பதையும் உன்னிடம் மறைக்கவில்லை. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததிலிருந்து மூன்று மாதம், ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டியிருந்தால் ஐந்து மாதத்துக்குள் முடிக்கப் பார்க்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கத்தான் செய்கிறது. ஆய்வகக் கட்டணத்தையும் முதலில் நம்மைக் கட்டச் சொல்லலாம். 4,200 ரூபாய் பேட்டுக்கு அவ்வளவு தூரம் போகவேண்டிவராது என்றுதான் நினைக்கிறேன், படங்களும் அந்த ஸ்ட்ரிங் வரியும் உனக்குப் போதுமான சாட்சி.

நம் விஜயா ஜிம்முக்கு வாங்கிய டிரெட்மில் பழுதானதையும் கேட்டிருந்தாய். வியாபாரத்துக்கு வாங்கியது என்று தள்ளிவிடுவார்களோ என்று அவள் பயப்படத் தேவையில்லை. சொந்த உழைப்பில் பிழைப்புக்காக அவளே நடத்துகிற ஜிம் என்று காட்ட முடிந்தால் அவளும் நுகர்வோர்தான். ஆள் வைத்துப் பல கிளை நடத்துகிறவர்களுக்குத்தான் சிக்கல். சர்வீஸ் ஆள் வந்துபோன ஒவ்வொரு முறையும், என்ன வேலை பார்த்தார் என்று எழுதிய ஜாப் ஷீட்டை வாங்கி வைக்கச் சொல்.

கடைக்கு அனுப்பவேண்டிய கடிதத்தை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். தேதி, பில் எண் இரண்டுக்கும் இடம் விட்டிருக்கிறேன், நிரப்பிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. ஒரு நகலும் ஸ்பீட் போஸ்ட் ரசீதும் உன்னிடம் இருக்கட்டும். 15 நாள் கெடு போட்டிருக்கிறேன். அதில் 'குழந்தையின் மீது பழி சுமத்தியதற்கு வருத்தம் தெரிவிக்கவேண்டும்' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன், அதை எடுத்துவிடாதே. அனுப்புவதற்கு முன் யாழினியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்.

அதுவரை அவள் பயிற்சியை விடவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை என் தம்பி கரூர் வருகிறான், அவனிடம் என் பேட்டைக் கொடுத்துவிடுகிறேன். கிரிப் அவள் கைக்குக் கொஞ்சம் சன்னமாக இருக்கும், மேலே இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டால் சரியாகிவிடும்.

அன்புடன்,
உன் சாந்தி