பாட்டியின் பாதி உன்னிடம் இருக்கிறது

அன்புள்ள பாப்பாவுக்கு,

பாட்டி போய் மூன்று மாதமாகிறது. போனில் நீ எதையோ கேட்க வந்து நிறுத்திக்கொள்கிறாய், நானும் வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறேன். பேச முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். காலண்டர் தாள்களின் பின்பக்கம் போட்ட கணக்குகள், ஒரு பக்கம் உடைந்து நூல் கட்டிய மூக்குக்கண்ணாடி. அடியில் ஒரு போட்டோ. இரண்டு பெண்கள், பதினாறு பதினேழு வயதிருக்கும். ஒருத்தி பாட்டி. சிரிப்பை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அவள் தோள்மேல் கை போட்டு நிற்பவள் யாரென்று தெரியவில்லை. பின்னால் ஒரு எழுத்துக்கூட இல்லை. உன் அத்தைக்கும் தெரியவில்லை, சித்தப்பாவுக்கும் தெரியவில்லை.

எனக்கு 59 வயது. இத்தனை வருடம் அவளுடைய பிள்ளையாக இருந்தும், நான் அறிந்தது எனக்கு விவரம் தெரிந்த பிறகு இருந்த அம்மாவை மட்டும்தான். அதற்கு முன்னால் அவள் யாருக்கும் அம்மாவாக இல்லாமல் கொஞ்ச காலம் வாழ்ந்திருக்கிறாள். அந்தக் காலத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் பார்த்தாள். நான்தான், "இதை நூறு தடவை சொல்லியாச்சும்மா" என்று வாயை அடைத்தேன்.

வயதாகிவிட்டது, அதனால் சொன்னதையே சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் போன பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். வயதானவர்கள் தங்கள் வாழ்க்கையை நினைத்துப் பார்த்தால் சுமார் 10 வயதுக்கும் 30 வயதுக்கும் நடுவில் நடந்தவைதான் அதிகம் வருமாம். ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1963-லேயே எழுதியிருக்கிறார்: முதியவர்கள் பழங்கதை பேசுவது புத்தி தளர்ந்ததால் அல்ல, வாழ்ந்ததை எடுத்து வைத்துச் சரிபார்க்கும் வேலை அது என்று. நான் பிறக்கும் முன்பே எழுதிவிட்டார். எனக்கு இப்போதுதான் வந்து சேர்ந்தது.

நீ அப்படி இல்லை. லீவு நாட்களில் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு "அப்புறம்?" என்பாய். பக்கத்து அறையில் இருந்த எனக்கு அந்த "அப்புறம்?" மட்டும்தான் கேட்கும். கதை கேட்காது. எழுந்து வந்து நானும் உட்கார்ந்திருக்கலாம்.

அவள் உன்னிடம் சொன்னதையெல்லாம் எழுதி அனுப்பு. வரிசையாக வேண்டாம், நினைவு வருகிறபடி எழுது. ஒவ்வொரு தடவை நினைக்கும்போதும் ஞாபகம் கொஞ்சம் மாறிப்போகும் என்கிறார்கள், அதனால் தள்ளிப்போடாதே. ஒன்று மட்டும், அவளைத் தெய்வமாக்கிவிடாதே. ரோஷக்காரி அவள். சொல்லாமல் வேலையை விட்டேன் என்று ஒருமுறை என்னோடு 11 நாள் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் என் சட்டைக்குப் பொத்தான் தைத்து நாற்காலியில் போட்டிருந்தாள். அன்றைக்கும் பேசவில்லை. அதையும் எழுதினால்தான் அவள்.

என்னிடம் இருப்பது அவளுடைய 14 குரல் பதிவுகள். முக்கால்வாசி "ஏண்டா போன எடுக்கல" என்பதுதான். போன் கெட்டுப்போனால் அதுவும் போய்விடும் என்று இரண்டு இடத்தில் சேமித்து வைத்திருக்கிறேன். இன்னும் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. நீ வரும்போது கேட்போம்.

போட்டோவின் பின்பக்க ஓரத்தில் பென்சிலால் லேசாகப் பாட்டியின் பெயரை எழுதிவிட்டேன். பேனாவால் அழுத்தினால் முன்பக்கம் தடம் விழுமாம். பக்கத்தில் இன்னொரு பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். இதோடு போட்டோவைப் படமெடுத்து அனுப்புகிறேன். அந்தப் பெண் யாரென்று பாட்டி உன்னிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறாளா? மற்றதெல்லாம் மெதுவாக எழுது, இதை மட்டும் முதலில் சொல்.

அன்புடன்,
அப்பா