எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள் என்பது மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சுயதொழில் உதவி வழங்கும் நிகழ்வுகள் பற்றிய செய்திகள் உங்கள் மலையகப் பக்கத்தில் அடிக்கடி வருகின்றன. இத்தனை பேருக்குத் தையல் மெஷின், இத்தனை பேருக்குச் சான்றிதழ், இத்தனை இலட்சம் கடன் என்று எண்ணிக்கையும் படமும் போடுகிறீர்கள். கொடுப்பது நல்ல காரியம்தான். ஆனால் அந்தத் தொழில் இரண்டு வருடம் கழித்தும் நடக்கிறதா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. ஹட்டன் பக்கத்தில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன் என்பதால் இது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

எனக்குத் தெரிந்த தோட்டத்து அக்கா ஒருவருக்கு ஓர் அரச அலுவலகம் பயிற்சியும் தையல் மெஷினும் கொடுத்தது. பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கிடைக்கும் சீருடைத் துணியை லயத்துத் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) தாய்மார் அவரிடம் கொண்டுவந்து தைக்கக் கொடுத்தார்கள். அந்தச் சில வாரங்கள் ராத்திரி பகலாக வேலை. அப்புறம் ஒன்றும் இல்லை. மொத்தமாகத் துணி வாங்கித் தைத்து டவுன் கடைகளுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தார். வங்கியில் காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், கேட்டார்கள். லயத்தில் இருப்பவரிடம் உறுதி ஏது? வியாபாரப் பெயரைப் பதியப் போனால், இடம் தோட்டத்துக்குச் சொந்தமானது, நிர்வாகத்திடம் கடிதம் வாங்கி வா என்றார்கள். அந்தக் கடிதம் கடைசிவரை வரவில்லை. இப்போது அவர் மறுபடி கொழுந்து பறிக்கப் போகிறார். மெஷின் மேல் பழைய சேலை ஒன்று போர்த்திக் கிடக்கிறது. அலுவலகத்துக் கோப்பிலோ அவர் இன்னமும் ‘பயனாளி’தான்.

கொழுந்தை அன்றன்றைக்கு நிறுத்து, ஆளாளுக்குக் கிலோ பதிகிற ஊர் இது. அரசாங்கப் பணம் செலவாகும் திட்டத்துக்கு ஏன் அப்படி ஒரு பதிவு இல்லை? உதவி வாங்கியவரிடம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை போய், கடை திறந்திருக்கிறதா, மாத விற்பனை எவ்வளவு, கூட யாரையாவது வேலைக்கு வைத்திருக்கிறாரா என்று கேட்டு எழுத ஓர் உத்தியோகத்தர் போதும்.

விற்பனையைப் பார்க்கும்போதும் கவனம் வேண்டும். 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. அந்தக் காலத்தில் என்னிடம் வந்த கணக்குகளில் ரூபாய்த் தொகை கூடியிருந்தாலும் விற்ற சாமான் குறைந்திருந்தது. அதனால் 2021ஐயும் 2023ஐயும் வெறும் ரூபாயில் ஒப்பிட்டு ‘வருமானம் இரட்டிப்பானது’ என்று யாராவது அறிக்கை எழுதினால் தயவுசெய்து நம்பிவிடாதீர்கள். எத்தனை கிலோ, எத்தனை உருப்படி என்று கேளுங்கள்.

இன்னொன்று. கடன் ஒழுங்காகத் திரும்பி வந்தால் திட்டம் வெற்றி என்கிறார்கள். டவுனில் சொந்தக் கட்டடமும் உறுதியும் வைத்திருக்கும் முதலாளி கடனைக் கட்டாமலா இருப்பார்? அந்தக் கடன் இல்லாவிட்டாலும் அவர் கடை வளர்ந்திருக்கும். திட்டத்தால் என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமானால், ஏறக்குறைய அதே நிலையில் இருந்து, விண்ணப்பித்தும் கிடைக்காமல் போனவர்கள் இன்று எப்படி இருக்கிறார்கள் என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அவர்கள் பெயரும் அதே கோப்பில்தான் இருக்கும். யார் யாருக்கு, என்ன காரணத்துக்காக மறுத்தார்கள் என்பதை எடுத்துப் பார்த்தாலே, உறுதி இல்லாததால் எத்தனை லயத்துக் குடும்பங்கள் வெளியே நிற்கின்றன என்பது தெரிந்துவிடும். எனக்கு மிகவும் வலிப்பது இதுதான். ஒன்றைத் தொடங்கிப் பார்க்கத் துணிந்தவர்கள் அவர்கள், எந்தக் கணக்கிலும் வராமல் போகிறார்கள்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, விண்ணப்பம் கொடுத்தால் 14 வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் முடிவு சொல்லியாக வேண்டும். நம் மாவட்டத்துப் பிரதேச செயலகங்களிடம் உங்கள் பத்திரிகையே கேட்கலாம்: கடந்த ஐந்து வருடத்தில் சுயதொழில் உதவி பெற்றவர்களில் எத்தனை பேர் இன்னும் அந்தத் தொழிலைச் செய்கிறார்கள், விண்ணப்பித்தவர்களில் எத்தனை பேர் தோட்டக் குடியிருப்பாளர்கள், அவர்களில் எத்தனை பேருக்குக் கிடைத்தது? ‘அப்படி ஒரு பதிவே இல்லை’ என்று பதில் வந்தால் அதையும் அப்படியே முதல் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஹட்டன் வாசகர் ஒருவர்