கிள்ளியதும் சூட்டில் போடு

தஞ்சாவூர்

அன்புள்ள செல்வம்,

இங்கே சம்பா நடவு முடிந்துவிட்டது. உங்கள் கடைமடையில் உப்பு ஏறுவதை எழுதியிருந்தாய். நெல் இலையில், செடி தவிக்கும்போது சவ்வுக் கொழுப்பிலிருந்து உருவாகும் பாஸ்பாடிடிக் அமிலம் உப்பால் எகிறியதாக நீ அனுப்பிய கணக்கைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. உப்பே காணாத இலையிலும் கூடியிருக்கிறதே! அது நீ இலையை அரைத்த கல்வத்தில், சவ்வின் கொழுப்பை (லிப்பிடை) வெட்டும் பாஸ்போலிப்பேஸ் டி என்ற நொதி பார்த்த வேலை.

இந்த நொதியின் ஆல்பா வகைக்குச் சோதனைக் குழாயில் மில்லிமோலார் அளவு கால்சியம் வேண்டும். செல்லின் உள்நீரான சைட்டோசாலில் இருப்பதோ மைக்ரோமோலாருக்கும் கீழே. செல்லுக்குள் இருக்கும் சேமிப்புப் பையான வாக்குவோலிலும் செல்சுவரிலும்தான் அது ஏராளம். இலையை நசுக்கினால் எல்லாம் கலந்து நொதி வேலையைத் தொடங்கிவிடும். நொதியின் முன்பக்கத்து சி2 பகுதி கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சவ்வில் ஒட்டும். பின்னால் ஹெச்.கே.டி என்ற அமினோ அமில வரிசை இரண்டு இடத்தில் வருகிறது. இரண்டும் சேர்ந்து மடிந்தால்தான் வினைக்களம். அங்குள்ள ஒரு ஹிஸ்டிடின் லிப்பிடின் பாஸ்பேட்டைப் பற்றிக்கொள்ள, லிப்பிடின் தலைப்பகுதியான கோலின் கழன்றுவிடும். பிறகு தண்ணீர் வந்து பிணைப்பை அறுத்தால் பாஸ்பாடிடிக் அமிலம்.

தண்ணீருக்குப் பதில் முதல்நிலை ஆல்கஹால் கிடைத்தால் நொதி அதைத்தான் விரும்பும். நீ மெத்தனாலில் அரைத்ததால் பாஸ்பாடிடைல்மெத்தனால் உருவாகியிருக்கும். மூலக்கூறுகளை எடை வாரியாகக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் பாஸ்பாடிடிக் அமிலத்திலிருந்து 14 அலகு கூடுதலாகத் தள்ளிப் பார். இருந்தால் அந்த மாதிரிகளைக் கொட்டிவிடு.

ஐஸில் வைத்தால் நொதி அடங்காது, சூடுதான் அதைக் கொல்லும். கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடையாமல் காக்கும் பியூட்டைலேட்டட் ஹைட்ராக்சிடொலுவீன் 0.01 சதம் கலந்த ஐசோபுரோபனால் 3 மில்லியை 75 டிகிரியில் முன்கூட்டியே சுடவைத்துக்கொள். கண்ணாடிக் குழாய், டெஃப்லான் மூடி. குளோரோஃபார்மில் பிளாஸ்டிக் கரையும். தீ பக்கத்தில் இருக்கக் கூடாது. கிள்ளிய இலை சில நொடிகளில் உள்ளே போக வேண்டும். நீளமென்று நறுக்காதே, நறுக்கினாலே காயம், மடித்து முக்கு. 15 நிமிடம் கழித்து ஆறவிட்டு, 1.5 மில்லி குளோரோஃபார்மும் 0.6 மில்லி தண்ணீரும் விட்டு ஒரு மணி நேரம் ஆட்டு. மிச்சத்தை 2:1 குளோரோஃபார்ம்–மெத்தனாலால் இலை வெளிறும்வரை எடு. நொதி செத்தபிறகு மெத்தனாலால் கெடுதல் இல்லை.

1-பியூட்டனால் கொடுத்து நொதியைத் தடுக்கலாம் என்கிறாய். அது செல்லின் சட்டகமான நுண்குழல்களையும் கலைக்கும். இலைத்துளை மூடவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதே. உருவான பாஸ்பாடிடைல்பியூட்டனாலை அள. ஒப்பிட, நொதி பயன்படுத்தாத மூன்றாம்நிலை பியூட்டனாலும் வை. அரபிடாப்சிஸ் என்ற ஆய்வுச் செடியில் பாஸ்பாடிடிக் அமிலம், தடையாக நிற்கும் ஏபிஐ1 பாஸ்பட்டேஸ் நொதியைச் சவ்வோடு கட்டிவைத்து, இலைத்துளையை மூடச்சொல்லும் ஹார்மோனான அப்சிசிக் அமிலத்துக்கு வழிவிடுகிறது என்று 2004-இலேயே காட்டிவிட்டார்கள். நெல்லில் நீ தேடுவதும் அதைத்தானே.

வயலில் சூடு வைக்க வசதியில்லையென்றால் செடியைத் தொட்டியோடு ஆய்வகத்துக்குக் கொண்டுபோ. வழியில் வாடவிடாதே, வாட்டத்துக்கும் இதே அமிலம்தான் ஏறும்.

அன்புடன்,
ராஜா