ஏழு நிமிஷ வாய்ஸ் நோட்டுக்கு பதில்

ஏய் கவி,

திட்டாத. நாலு மாசம் முன்னாடி நீ ராத்திரி பதினொரு மணிக்கு அழுதுகிட்டே அனுப்பின ஏழு நிமிஷ வாய்ஸ் நோட்டுக்கு ஒரு கட்டைவிரலைப் போட்டுட்டு தூங்கிட்டேன், அது இன்னும் உறுத்துது. அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான், பையன் எட்டாவது, நான் இன்னும் குண்டாயிட்டேன். நியூஸ் முடிஞ்சுது.

அந்த நோட்டுல "எனக்கும் முரளிக்கும் தலசீமியா ட்ரெய்ட்னா, அதாவது நோய் இல்லாம அந்த ரத்த நோயோட ஜீனை மட்டும் சுமக்கறோம்னா, ஜீனைத் திருத்தற கிரிஸ்பர் வெச்சு கருவுலயே சரி பண்ணிட்டா என்னடி"ன்னு கேட்டல்ல. அதுக்காக அந்த சீன விஞ்ஞானி ஹே ஜியன்குயி கேஸை திரும்பப் படிச்சேன். வருஷா வருஷம் கிளாஸ்ல நடத்துறதுதான், 2018, ஷென்ஜென், லூலு நானான்னு ரெட்டைப் பொண்ணுங்க, எச்ஐவி தொத்தாம இருக்க, அந்த வைரஸ் செல்லுக்குள்ள நுழைய வாசலா இருக்கற சிசிஆர்5 ஜீன்ல கருவுலயே கை வெச்சாரு, 3 வருஷ ஜெயில், 30 லட்சம் யுவான் ஃபைன், அஞ்சு மார்க் கேள்வி. இந்த தடவை அப்பா அம்மா பக்கத்துல இருந்து படிச்சேன், வயித்தை என்னவோ பண்ணிச்சு.

அந்தப் பொண்ணுங்களோட அப்பாவுக்குத்தான் எச்ஐவி. விந்தணுவைக் கழுவி ஐவிஎஃப் பண்ணா குழந்தைக்கு வராது, அதையும் ஹே பண்ணித்தான் இருக்காரு, அப்புறம் ஜீன்ல கை வெக்கறது எதுக்கு? ஆனா சீனால அப்ப எச்ஐவி இருக்கறவங்களுக்கு ஐவிஎஃப் கிடையாது, ரத்த டெஸ்டுக்கு வேற ஆளை ரத்தம் குடுக்க வெச்சு ஏமாத்தித்தான் உள்ள சேர்த்திருக்காங்க. அந்த ஜோடிக்கு வேணும்னது ஒரு குழந்தை, அவ்வளவுதான். ரேஷன்ல சீனி வேணும்னா இந்த டீத்தூளையும் வாங்குன்னு தலையில கட்டுவாங்கல்ல, அந்த மாதிரி.

ஒவ்வொரு ஜீனும் அப்பாகிட்டருந்து ஒண்ணு, அம்மாகிட்டருந்து ஒண்ணுன்னு ரெண்டு காப்பி இருக்கும்ல, நானாவுக்கு ரெண்டு காப்பியும் மாறிச்சு. லூலுவுக்கு ஒண்ணுதான், அது கருவா இருக்கறப்பவே தெரியும், தெரிஞ்சும் அந்தக் கருவை கர்ப்பப்பையில வெச்சாங்க. ஒண்ணு மட்டும் மாறினா முழுப் பாதுகாப்பு கிடையாதுடி, அப்ப லூலுவை எதுக்கு இதுல சேர்த்தாங்க? என்னால இதைத் தாண்டிப் போக முடியல. அந்தாளு ஜெயில்லருந்து 2022லயே வந்தாச்சு, லூலு உடம்புல பண்ண மாத்தம் அவளோடயே இருக்கும், அவ பிள்ளைக்கும் போகலாம்.

சரி, உன் விஷயம். ஒவ்வொரு தடவையும் குழந்தைக்கு மேஜர், அதாவது நோயோட கடுமையான வகை, வர நாலுல ஒண்ணுதான் சான்ஸ். அப்ப திருத்தவே வேண்டாம், ஐவிஎஃப் பண்ணி கருவை டெஸ்ட் பண்ணி மேஜர் இல்லாததை வைக்கலாம். தேர்ந்தெடுக்கறதும் ஒதுக்கறதுதானேன்னு நீ கேப்ப, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல, ஆனா புதுசா எதையும் யார் உடம்புலயும் எழுதல. 2023ல பிரிட்டன்ல பீட்டா தலசீமியாவுக்கு ஒரு கிரிஸ்பர் ட்ரீட்மெண்டுக்கு அனுமதி குடுத்தாங்க, அது பொறந்து வளர்ந்தவங்களோட ரத்த ஸ்டெம் செல்ல பண்றது, பேரன் பேத்திக்குப் போகாது. அதையும் இதையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காத.

உன் மாமியார் கிட்ட எதுவும் சொல்லித் தொலைச்சியா? சொல்லாத இப்ப.

எங்க காலேஜ்ல ஒரு மேடம் ஜெனடிக் கவுன்சிலிங் பண்றாங்க, உனக்காகப் பேசி வெச்சிருக்கேன். உன்னோடதும் முரளியோடதும் ரெண்டு ரிப்போர்ட்டையும் அனுப்பு, போன தடவை மாதிரி பாதி கட் ஆகி உன் கட்டைவிரல் மட்டும் தெரியற போட்டோ வேணாம்.

சனிக்கிழமை நானே கூப்பிடறேன். எடு.

சுபா