டிரிப் போடச் சொல்லி வண்டியை மறிக்காதீர்கள்

களியக்காவிளை முதல் நாகர்கோவில் வரை ரோட்டோரம் ஆட்டோ ஓட்டுகிற, கடை வைத்திருக்கிற அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும்,

வணக்கம். விபத்து என்றால் முதலில் ஓடி வருவது நாம்தான். வில்லுக்குறியில் பஞ்சர் கடை வைத்திருக்கிற நானும் அப்படித்தான் ஓடுவேன்.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, டிப்பர் லாரி தட்டி ஒரு பையன் கிடந்தான். தொடை கிழிந்து பேன்ட் முழுக்க ரத்தம். 108-ல் வந்த பிள்ளை நனைந்த ரோட்டில் முட்டி போட்டு, காயத்தில் பஞ்சை வைத்து அழுத்திக் கட்டியது. அப்புறம் அவன் மணிக்கட்டில் விரலை வைத்து நாடி பார்த்துவிட்டு, “கிளம்பலாம்” என்றது. நாங்கள் கதவைப் பிடித்துக்கொண்டோம். “ஒரு டிரிப்புகூட போடாம கொண்டு போறியே, வழியில போயிட்டா யாரு பொறுப்பு?” அதிகம் கத்தியது நான்தான். வேறு வழியில்லாமல் அந்தப் பிள்ளை வண்டியை நிறுத்தி வைத்தே நரம்பு தேடியது. ரத்தம் போன உடம்பில் நரம்பு சுருங்கிக் கிடக்கும், சட்டென்று அகப்படாது. ஏழெட்டு நிமிடம் போய்விட்டது.

எங்கள் தெரு நர்ஸ் அக்கா சொல்லித்தான் விஷயம் புரிந்தது. டிரிப்பில் இருப்பது உப்புத் தண்ணீர். ரத்தம் போல ஆக்சிஜனைச் சுமக்காது. அளவுக்கு மீறி ஏற்றினால் ரத்தம் நீர்த்து உறையாமல் போகும். ரத்த அழுத்தம் ஏறி, அடைபட்ட இடமும் மறுபடி திறக்கும். ஓட்டையை அடைக்காத டியூபில் காற்று அடித்தால் நிற்குமா? அடைக்க ஆபரேஷன் தியேட்டர் வேண்டும், ரத்தம் வேண்டும். இரண்டும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் ஹூஸ்டனில், உடம்பில் குண்டும் கத்தியும் பாய்ந்த 598 பேரை வைத்துப் பார்த்த ஆய்வு 1994-ல் வந்தது. உடனே டிரிப் ஏற்றியவர்களில் 62 சதவீதம் பேர் பிழைத்தார்கள். ஆபரேஷன் வரை ஏற்றாமல் வைத்தவர்களில் 70 சதவீதம். எல்லா விபத்துக்கும் இதே கணக்கு என்று சொல்ல மாட்டேன். தலையில் அடிபட்டவருக்கு அழுத்தம் குறையவே கூடாது. பிரிட்டனில் 2004-ல் வந்த வழிகாட்டுதல், மணிக்கட்டில் நாடி கிடைத்தால் ஏற்ற வேண்டாம், கிடைக்காவிட்டால் 250 மில்லியாக ஏற்றி ஏற்றிப் பார், அதற்காக வண்டியை நிறுத்தி வைக்காதே என்றது. அந்தப் பிள்ளை விரல் வைத்துப் பார்த்தது அதைத்தான்.

பையன் பிழைத்துக்கொண்டான். அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க ஒவ்வொரு 108-ஐயும் எட்டிப் பார்க்கிறேன், இன்னும் காணவில்லை.

இனி ரத்தம் கொட்டுகிற இடத்தைச் சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். சோடா, தண்ணீர் எதுவும் கொடுக்க வேண்டாம். 108 வந்ததும் இரண்டு பேர் களியக்காவிளைப் பக்கமும் நாகர்கோவில் பக்கமும் நின்று வண்டிகளை ஒதுக்கி விடுங்கள். கதவை அவர்கள் மூடட்டும்.

இப்படிக்கு,
வில்லுக்குறி பஞ்சர் கடைக்காரன்